நடக்காத காட்சி, நிஜமான இசை: இசைமேதைகளைப் பற்றிய கற்பனைப் படங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று எங்கள் பக்கம் கீபோர்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இப்போது நிறைய. டிரினிட்டி கிரேடு தேர்வுக்கு (லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வு) தயாராகும்போது மொசார்ட், பீத்தோவன் என்ற பெயர்களெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன, அப்புறம் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோ அக்காவோ மொசார்ட்டையும் அவர் காலத்து இன்னொரு இசையமைப்பாளரான சாலியேரியையும் பற்றிய 'அமேடியஸ்' படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள், படம் முடிந்ததும் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி "சாலியேரிதான் மொசார்ட்டைக் கொன்னாரா?" என்பது. கொல்லவில்லை. அதைச் சொல்வது சுலபம். சொன்னவுடன் வருகிற அடுத்த கேள்விதான் கஷ்டம்: "அப்புறம் ஏன் அப்படி எடுத்தாங்க? பொய்தானே அது?"

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். இசை இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒருவருடைய வாழ்க்கையைப் படமாக்குகிறவர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றில் போவார்கள். கடிதம், குறிப்பு, ஓவியம், ஆய்வாளர் பேட்டி என்று கையில் இருக்கிற சான்றுகளை மட்டும் வைத்து எடுத்தால் அது ஆவணப்படம். நடிகர்களை வைத்து, நடந்ததாகத் தெரிந்ததை ஓரளவு வரிசையாகச் சொன்னால் வழக்கமான பயோபிக். வசனம் கற்பனையாக இருக்கும், சம்பவம் பெரும்பாலும் நிஜமாக இருக்கும். மூன்றாவது வழியில் சம்பவமே கற்பனை. மனிதர் நிஜம், அவர் எழுதிய இசை நிஜம், ஊரும் காலமும் நிஜம், ஆனால் அவர் இன்னாரைச் சந்தித்தார், இன்ன ராத்திரி இது நடந்தது என்பதையெல்லாம் படம் எடுப்பவர் தெரிந்தே உண்டாக்குகிறார். இதைத்தான் கற்பனை வாழ்க்கைப் படம் என்கிறேன்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கி உட்கார்ந்து பாட்டைப் படித்து அர்த்தம் சொல்வார், ராத்திரி கூத்து நடக்கும். கர்ண மோட்சம் கூத்தில் போருக்குப் புறப்படுகிற கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் நடக்கிற தர்க்கம் இருக்கிறதே, அதற்காகவே தூக்கம் முழித்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வியாசர் பாரதத்தில் பொன்னுருவி என்று ஒருத்தி கிடையாது. அதனால் ஏமாந்துவிட்டதாகக் கூத்துப் பார்க்கிற யாரும் நினைப்பதில்லை. குலம் கேட்டுக் கேட்டு ஊரே தாழ்த்திய ஒருவன் கட்டிய மனைவியிடமும் அதே சொல்லைக் கேட்டு நிற்பதைப் பார்த்த பிறகு, அவன் களத்தில் விழும் இடம் மனதில் வேறு மாதிரி கனக்கிறது. இல்லாத பொன்னுருவி, இருக்கிற கர்ணனைப் புரியவைக்கிறாள். கற்பனை வாழ்க்கைப் படம் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். இசையமைப்பாளர் படத்தில் கூடுதலாக ஒரு பொறுப்பு இருக்கிறது, மனிதரோடு சேர்த்து அவருடைய இசையையும் அது நம் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இசையமைப்பாளர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கற்பனை தேவைப்படுகிறது? அரசனைப் படமெடுத்தால் போரைக் காட்டலாம், ஓவியரைப் படமெடுத்தால் தூரிகை நகர்வதைக் காட்டலாம். இசையமைப்பாளர் செய்கிற வேலை கேமராவுக்குத் தெரியாது. ஒருவர் மேசைமேல் குனிந்து கோடு போட்ட காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார், கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். உள்ளே முப்பது வாத்தியம் ஒன்றாக ஒலித்துக்கொண்டிருக்கும். அவர்கள் விட்டுப்போன காகிதங்களும் பெரிய உதவி செய்வதில்லை. மொசார்ட் நண்பரிடம் கடன் கேட்டு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, அப்பாவுக்கு எழுதியவை இருக்கின்றன, ஒன்றுவிட்ட தங்கைக்கு எழுதிய கொச்சையான வேடிக்கைக் கடிதங்கள்கூட இருக்கின்றன (படத்தில் அவர் கெக்கெக்கே என்று சிரித்து அசிங்க அசிங்கமாகப் பேசுவதற்கு இவைதான் ஆதாரம்). ஆனால் ஒரு மெட்டு இந்த இடத்தில் ஏன் இப்படித் திரும்பி நம்மை அழவைக்கிறது என்பதற்கு எந்தக் கடிதத்திலும் பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் கற்பனை நுழைகிறது.

சரி, 'அமேடியஸ்' படத்துக்கே வருவோம், இந்த வகைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பீட்டர் ஷாஃபர் 1979இல் மேடையேறிய தன் நாடகத்தைத் தானே திரைக்கதையாக்கிக் கொடுக்க, மிலோஷ் ஃபோர்மன் இயக்கி 1984இல் வெளிவந்தது, எட்டு ஆஸ்கர் வாங்கியது. வியன்னா அரசவையில் பெரிய பதவியில் இருந்த சாலியேரி வயதான காலத்தில், மனநோயாளிகள் விடுதியில், ஒரு பாதிரியாரிடம் தன் கதையைச் சொல்கிறார். நாம் பார்ப்பது முழுக்க அவர் சொல்வதுதான். புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடுகிற விஷயம் இது. பொறாமையில் வெந்து, புத்தி தடுமாறிய ஒரு கிழவர் சொல்கிற கதை என்று படம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. இப்படி ஒரு சாட்சியை வைத்து அவர் கண் வழியாக மேதையைக் காட்டுவது இந்த வகைப் படங்களின் முக்கியமான உத்தி. மேதையின் மனசுக்குள் நாம் போக முடியாது, ஆனால் மேதையைப் பார்த்து ஏங்குகிற ஒருவரின் மனசுக்குள் போக முடியும், ஏனென்றால் நாம் எல்லோரும் அந்த இடத்தில் நின்றவர்கள்.

படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. சாகக் கிடக்கிற மொசார்ட் படுக்கையில் சாய்ந்தபடி ரெக்வியம் என்ற படைப்பை, அதாவது இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் பாடும் இசையை, சொல்லச் சொல்ல சாலியேரி எழுதிக்கொள்கிறார். 'கன்ஃபுடாட்டிஸ்' என்ற பகுதி, சபிக்கப்பட்டவர்கள் தீயில் தள்ளப்படுவதைச் சொல்லும் லத்தீன் வரிகள். முதலில் ஆண்களில் கீழ்க்குரல்காரர்கள் என்ன பாட வேண்டும் என்று சொல்கிறார், அது மட்டும் நமக்குக் கேட்கிறது. அடுத்து மேல்குரல் ஆண்கள், துரத்திக்கொண்டு வருவதுபோல. அப்புறம் பசூனும் டிராம்போனும் அந்தக் குரல்களோடு ஒட்டிக்கொள்கின்றன, டிரம்பெட்டும் டிம்பனி முரசும் இடையில் விழுகின்றன, கடைசியாக வயலின்கள் கீழேயிருந்து நெருப்பு மாதிரி ஏறுகின்றன. சாலியேரி "மெதுவாகச் சொல், எனக்குப் பிடிபடவில்லை" என்று திணறுகிறார், சட்டென்று புரிந்ததும் அவர் முகம் மாறுகிறது, அந்த முகத்தோடு சேர்ந்து நமக்கும் புரிகிறது. அதன் பிறகு எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்போது, அதுவரை ஒரே இரைச்சலாகக் கேட்டிருக்கக்கூடிய ஒன்று அடுக்கு அடுக்காகக் கேட்கிறது. அந்த இரைச்சல் ஓய்ந்த இடத்தில் பெண்குரல்கள் மட்டும் மிக மெல்ல வருகின்றன. இளையராஜா பாட்டில் வயலின் கூட்டமும் கோரஸும் ஒன்றுமேல் ஒன்று ஏறுவதைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இந்தக் காட்சி உடனே பிடிபடும். மேற்கத்திய இசையை அறிமுகப்படுத்த இந்தச் சில நிமிடங்களைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இப்படி எதுவும் நடக்கவில்லை. 1791 டிசம்பர் 5ஆம் தேதி, 35 வயதில் மொசார்ட் இறந்தபோது ரெக்வியம் முடியாமல் கிடந்தது. மனைவி கான்ஸ்டான்ஸா கேட்டுக்கொண்டதால் அதை முடித்துக் கொடுத்தவர் மொசார்ட்டின் உதவியாளர் சூஸ்மையர். 'கன்ஃபுடாட்டிஸ்' பகுதியில் மொசார்ட் எழுதிவைத்தது குரல்களையும் அடித்தள இசையையும் சில இடங்களில் முக்கியமான வாத்தியக் குறிப்புகளையும்தான். மற்றதை நிரப்பியவர் சூஸ்மையர். 'லாக்ரிமோசா' பகுதியில் மொசார்ட் கைப்பட எழுதியது முதல் எட்டு 'பார்' (தாளக் கட்டம்) மட்டும்தான். ரெக்வியத்துக்கு ஆள் அனுப்பிப் பணம் கொடுத்தவரும் முகமூடி போட்ட சாலியேரி இல்லை, வால்செக் என்ற பிரபு. அந்த வருஷம் பிப்ரவரியில் இறந்துபோன இளம் மனைவியின் நினைவுக்காக, யார் கேட்கிறார்கள் என்று சொல்லாமல் ரகசியமாக எழுத வைத்து, தான் எழுதியதாகவே காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தவர். இதுவே ஒரு படம் அளவுக்கு இருக்கிறது! இருந்தும் ஷாஃபர் இதை ஒதுக்கிவிட்டுப் பொறாமைக்காரரையே அந்தப் படுக்கை அருகே உட்காரவைத்தார், ஏனென்றால் மொசார்ட்டை ஒழிக்க நினைத்தவர்தான் அந்த இசையின் ஒவ்வொரு அடுக்கையும் மற்றவர்களைவிட ஆழமாகக் கேட்கக் கூடியவர். அவர் காதை நமக்குக் கடன் கொடுக்கிறது படம்.

நான் எந்தக் கற்பனைக் காட்சியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இதைப் பார்த்த பிறகு அந்த இசை எனக்கு முன்னைவிட நன்றாகக் கேட்கிறதா? ஆம் என்றால் அந்தக் கற்பனை தன் வேலையைச் செய்துவிட்டது.

இதே அளவுகோலை வைத்தால் அதே படத்தில் இன்னொரு காட்சி எனக்கு ஒப்புதல் இல்லை. மொசார்ட்டின் கையெழுத்துத் தாள்களை சாலியேரி புரட்டுகிறார், ஒரு திருத்தம்கூட இல்லை, கடவுள் காதில் சொன்னதை அப்படியே எழுதினதுபோல இருக்கிறது என்கிறார். தாளைப் பார்க்கப் பார்க்க இசை ஒலிப்பதும், தாள் கையிலிருந்து நழுவியதும் இசை நிற்பதும் அருமையான படமாக்கம்தான். ஆனால் மொசார்ட் வரைவு எழுதிப் பார்த்த தாள்கள் இன்றும் இருக்கின்றன, 1785இல் மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்கு ஆறு நால்வர் இசைப் படைப்புகளைச் சமர்ப்பித்தபோது இவை நீண்ட, கடினமான உழைப்பின் பலன் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரே பயிற்சியை இருபது தடவை வாசித்து அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, மேதைகளுக்கு எல்லாம் தானாக வரும் என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது இந்தக் காட்சி. பெற்றோர்கள் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, மொசார்ட்டே எழுதிய அந்த வரியைச் சொல்லிவிடுங்கள்.

சாலியேரிக்கு நடந்த அநியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1750இல் இத்தாலியின் லெஞ்ஞாகோவில் பிறந்து, வியன்னா அரசவையின் தலைமை இசைஞராக உயர்ந்தவர். பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவருமே அவரிடம் பாடம் கேட்டவர்கள். மொசார்ட்டின் கடைசி மகனுக்கும் அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், கொலைகாரனிடமா ஒரு தாய் பிள்ளையை அனுப்புவாள்? படத்தில் பெண்வாடையே வேண்டாம் என்று சபதம் எடுத்தவராக வருகிறார், நிஜத்தில் மனைவியும் எட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு சிறு படைப்புக்கு இசையமைத்திருக்கிறார்கள் என்பதற்கு, 1785இல் அச்சான அதன் பிரதி சில ஆண்டுகளுக்கு முன்பு பிராக் நகரத்தில் கிடைத்தது. விஷம் வைத்தார் என்ற வதந்தி அவர் உயிரோடு இருக்கும்போதே 1820களில் வியன்னாவில் பரவியிருந்தது, 1825இல் அவர் இறந்த பிறகு ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அதை வைத்து ஒரு குறுநாடகம் எழுதினார், அது ஓபெராவும் (பாடியே நடிக்கும் நாடகம்) ஆனது, அங்கிருந்துதான் ஷாஃபருக்குப் பொறி. ஆக இந்தப் பழியைப் படம் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் உலகம் முழுக்கக் கொண்டுபோனது அதுதான். அதே படம்தான் மறந்துபோன சாலியேரியின் இசையை மறுபடியும் தேடவும் வைத்தது; அவருடைய பாடல்களை மட்டும் வைத்து 2003இல் இத்தாலியப் பாடகி செசிலியா பார்டோலி ஒரு ஆல்பமே வெளியிட்டார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன், இருந்தாலும் பழி பழிதான்.

பீத்தோவன் பற்றி 1994இல் வந்த 'இம்மார்ட்டல் பிலவ்ட்' படத்தை இதோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். பீத்தோவன் 1827இல் இறந்த பிறகு அவருடைய பொருட்களுக்கு நடுவே, பெயர் குறிப்பிடாத ஒரு பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதம் கிடைத்தது. 1812 ஜூலையில் எழுதியது என்பது ஆய்வாளர்கள் கணித்தது. யார் அந்தப் பெண் என்று தேடிப்போகிறது படம், கடைசியில் அவருடைய தம்பி மனைவி என்று முடிக்கிறது. தம்பி மகனை யார் வளர்ப்பது என்று வருஷக்கணக்கில் கோர்ட்டில் மோதிக்கொண்ட இருவர் அவர்கள், ஆய்வாளர்கள் இந்தப் பதிலை ஏற்பதில்லை. எனக்கும் இந்தக் கற்பனையால் இசையில் எதுவும் கூடுதலாகக் கேட்கவில்லை, புதிருக்கு விடை கிடைத்த திருப்தி மட்டும்தான். ஆனால் அதே படத்தில் ஒன்பதாவது சிம்ஃபொனி அரங்கேறும் இடம் இருக்கிறது. காது கேட்காத பீத்தோவன் மேடையில் நிற்கிறார், இசை எழும்ப எழும்ப, அப்பாவின் அடிக்குப் பயந்து ராத்திரியில் காட்டு வழியாக ஓடுகிற சிறுவனாக மாறுகிறார், ஒரு குளத்தில் மல்லாந்து மிதக்கிறார், தண்ணீரில் தெரியும் நட்சத்திரங்களும் வானமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த இசையில் இருக்கிற விடுதலை என்ன என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

நம் பக்கம் வந்தால் கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் சினிமா வருவதற்கு முன்பே நாம் இதைச் செய்துகொண்டிருந்தோம். தியாகராஜருடைய ஒவ்வொரு பெரிய கீர்த்தனைக்கும் ஒரு சம்பவம் சொல்வார்கள். தஞ்சை அரசர் பரிசு அனுப்பினார், இவர் மறுத்துப் பாடினார், அதுதான் 'நிதி சால சுகமா'. வீட்டில் தெலுங்கு பேசுகிற ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு அந்த வரி நேரடியாகவே கேட்கும்: செல்வம் சுகமா, ராமன் சந்நிதியில் செய்யும் சேவை சுகமா? அந்தக் கேள்வியைக் கேட்டவுடன், யார் பணம் கொடுத்திருப்பார்கள் என்று மனம் தேடுகிறது, ஒரு அரசர் வருகிறார், தட்டில் பொன் வருகிறது. பாட்டுதான் முதலில், சம்பவம் அதற்கு அப்புறம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1946இல் சித்தூர் நாகையா தானே இயக்கி நடித்த 'தியாகய்யா' படம் இந்தக் கதைகளை அப்படியே எடுத்துக்கொண்டது. அருணகிரிநாதர் இன்னும் தெளிவான உதாரணம். அரூர் பக்கத்துத் தீர்த்தமலைக்கும் திருப்புகழ் பாடியிருக்கிற அவரைப் பற்றி, 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார் என்பதைத் தாண்டி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. ஆனால் கோபுரத்திலிருந்து குதித்தது, முருகன் தாங்கிப் பிடித்து 'முத்தைத்தரு' என்று முதலடி எடுத்துக்கொடுத்தது, எல்லோருக்கும் தெரியும், 1964 படத்தில் டி.எம். சௌந்தரராஜன் அதைப் பாடியதும் தெரியும். அந்தப் பாட்டின் சந்தம் மூச்சுவிட இடம் தராமல் ஓடுகிறது. சாவின் விளிம்பில் பிடித்து நிறுத்தப்பட்டவன் வாயில் வரும் முதல் பாட்டாக அதை வைத்துக் கேட்டுப் பாருங்கள், ஏன் அப்படி ஓடுகிறது என்பது புரிகிற மாதிரி இருக்கும்.

பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் சில யோசனைகள். 'அமேடியஸ்' படத்தின் 1984 பதிப்பே போதும், 160 நிமிடம். 2002இல் வந்த நீளமான பதிப்பில் பெரியவர்களுக்கான காட்சிகள் உண்டு. பார்க்கும்போது நடுநடுவே போனில் உண்மையைத் தேட வேண்டாம், கதை கெட்டுப்போகும். முடிந்த பிறகு ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து அதில் வந்த இசையை மட்டும் முழுசாகக் கேளுங்கள், ரெக்வியமாக இருந்தால் ஹெட்போனில் கேட்பது நல்லது, கீழ்க்குரல்கள் சின்ன ஸ்பீக்கரில் அடிபட்டுப் போய்விடும். அடுத்த நாள் வரலாற்றைப் படியுங்கள். படத்தை முதலில், இசையை அடுத்து, வரலாற்றைக் கடைசியில் என்ற இந்த வரிசையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வது.

எனக்கு ஒரு பெரிய ஆசை உண்டு, முத்துசுவாமி தீட்சிதரை இந்த வகையில் யாராவது படமாக்க வேண்டும். அமிர்தவர்ஷிணி ராகம் பாடி எட்டயபுரத்தில் மழை வந்த கதையை விடுங்கள், அது எல்லோரும் எடுப்பார்கள். அவர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார், நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பாடுகிறார்கள். 'சந்ததம் பாஹிமாம்' கேட்டால் அப்படியே இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அவருடைய தம்பி பாலுசுவாமிதான் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுகிறார். ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1792இல், திப்புவிடமிருந்து நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி கம்பெனி கைக்குப் போனது. கோட்டையைப் பிடித்த பட்டாளத்தின் முரசும் குழலும் ஒரு பக்கம், அதையே சங்கராபரண ராகமாகக் கேட்ட ஒரு காது இன்னொரு பக்கம். அவர் எங்கே நின்று அந்த பேண்டைக் கேட்டார், முதலில் முகம் சுளித்தாரா, நின்று தாளம் போட்டாரா, தம்பி என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டியது படம் எடுப்பவர்தான், இசை மட்டும் பத்திரமாக இருக்கிறது. தர்மபுரியிலும் ஓசூரிலும் குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு இந்த ஒரு காட்சி பத்து நிமிடத்துக்குத் தாங்கும். முதலில் நோட்டுஸ்வரங்களைக் கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள்.